சொதி விருந்தில் மிச்சமாவதை நம்ம ஊர் வெயிலில் எப்படிப் பத்திரப்படுத்துவது?

பாளை மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை மகாராஜ நகரில் இருக்கிறோம். வீட்டில் நான், அவர், அத்தை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள். நான் வேலைக்குப் போகிறவள் என்பதால் வெள்ளனவே எழுந்து சோறு, குழம்பு, ஒரு வெஞ்சனம் என்று எல்லாவற்றையும் ஏழு மணிக்குள் முடித்துவிடுவேன். எங்களுக்கு டிபன் பாக்ஸில் கட்டியது போக மீதி அடுக்களையிலேயே மூடி இருக்கும். மத்தியானம் அத்தை சாப்பிடுவார்கள். சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தால் சாம்பார் நுரைத்து நிற்கிறது. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு என்றால் கரண்டியை எடுக்கும்போது நூல் விடுகிறது. பங்குனி பிறந்ததிலிருந்து இதே கதைதான்.

அத்தை ஃபிரிட்ஜில் வைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். "ரெண்டு தரம் கொதிக்க வச்சு அடுப்பிலேயே வை, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அவரோ ராத்திரி குழம்புச் சட்டியைச் சூட்டோடு மூடி அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறார். இந்த இரண்டில் எது சரி, அல்லது இரண்டுமே தப்பா என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் பயப்படுத்துகிறது. போன மாசம் காலையில் வடித்த சோற்றை ராத்திரி நன்றாகச் சூடு பண்ணித் தாளித்துப் பையன்களுக்குக் கொடுத்தோம். கெட்ட வாடை துளியும் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் பெரியவனுக்கு ஒரே வாந்தி. மறுநாள் சரியாகிவிட்டான். வாடை இல்லாத சோறு எப்படி வயிற்றைக் கெடுக்கும்?

இப்போது கேட்கக் காரணம், அடுத்த வாரம் நாத்தனார் கல்யாணத்துக்குப் பின் மறுவீட்டுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். இருபத்தைந்து பேர் வருவார்கள். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு காரக்கறி, அவியல் என்று முடிவாகியிருக்கிறது. சொதி கண்டிப்பாக மிஞ்சும். கொட்ட மனசு வராது. தேங்காய்ப்பால் சேர்ந்ததை எவ்வளவு நேரம் வைக்கலாம், எப்படி வைக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அம்பை ஆச்சி எழுதியது:

தாயி, நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள். மற்ற விஷயத்தில் எனக்கு ஞானம் குறைவு. ஆனால் நிறையப் பேருக்கு ஆக்கிய சாப்பாட்டைக் கெடாமல் கொடுப்பது எப்படி என்பதைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுவேன்.

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள். சாப்பாடு கெடுவதெல்லாம் அடுப்பை அணைத்ததற்கும் குளிரில் வைத்ததற்கும் நடுவில் உள்ள நேரத்தில்தான். கொதிக்கும்போது எதுவும் அதில் பெருகாது. நன்றாகக் குளிர்ந்து கிடக்கும்போதும் வேகமாகப் பெருகாது. ஆறியும் ஆறாமலும் வெதுவெதுப்பாக, மூடி போட்டு, வேர்த்துக்கொண்டு கிடக்கிறதே, அந்த நேரம்தான் எமன். உன் சாம்பார் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த நிலையிலேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை அடுக்களையே இளஞ்சூட்டு அடுப்புதான்.

அதனால் அத்தை சொல்வதும் உன் வீட்டுக்காரர் செய்வதும் ஒரே இடத்தில்தான் இடறுகிறது. அத்தை கொதிக்க வைத்துவிட்டு வெளியே வைக்கிறார்கள், குழம்பு பைய ஆறுகிறது. அவர் பெரிய சட்டியைச் சூட்டோடு மூடி உள்ளே வைக்கிறார். சட்டியின் ஓரம் குளிர்ந்தாலும் நடு வயிறு நடுச்சாமம் வரைக்கும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கூடவே பக்கத்தில் இருக்கிற பாலையும் தயிரையும் சூடேற்றிவிடும்.

செய்ய வேண்டியது எல்லாம் சீக்கிரம் ஆற வைப்பதுதான். சமைத்து முடித்த உடனே, யாரும் சாப்பிட உட்காரும் முன்னாலேயே, ராத்திரிக்கு வேண்டியதைத் தனியாக எடுத்துவிடு. எல்லோரும் கரண்டி போட்டு அளாவிய பிறகு மிஞ்சுவதை எடுத்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிடு. எடுத்ததை அகலமான தாம்பாளத்திலோ பரந்த எவர்சில்வர் பாத்திரத்திலோ இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்று. அந்தத் தாம்பாளத்தை ஒரு பெரிய சருவத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதற்குள் இறக்கி வை. ஐஸ் கட்டி இருந்தால் தண்ணீரில் போடு. நடுநடுவே சுத்தமான கரண்டியால் கிண்டிக்கொடு. மேலே வலைக்கூடை கவிழ்த்தால் போதும், இறுக்கி மூடாதே, ஆவி போக வேண்டும். கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் பக்கவாட்டைத் தொட்டால் கை சுடாது. அப்போதே சின்னச் சின்ன டப்பாவில் மாற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடு. ஐஸ் மாதிரி குளிரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காலையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பாய். நீ குளித்துச் சேலை கட்டி வருவதற்குள் அது ஆறியிருக்கும்.

அத்தையிடம் ஃபிரிட்ஜைப் பற்றிச் சண்டை போடாதே. அவர்கள் சொல்வது அந்தக் காலத்துச் சமையலுக்குப் பொருந்தும். எங்கள் அம்மாவும் குழம்பைச் சுண்ட வைப்பார்கள். ஆனால் அது தேங்காய் இல்லாத புளிக்குழம்பு, வத்தக்குழம்பு. புளியும் உப்பும் நல்லெண்ணெயும் கூடி நிற்கிற குழம்பு, தண்ணீர் வற்றி மண்சட்டியில் ஒட்டிக் கிடக்கும். அது ஒரு நாள் தாங்கும். தேங்காய் அரைத்துவிட்ட எதையும் எங்கள் வீட்டில் ராத்திரிக்கு வைத்ததே கிடையாது, மத்தியானத்தோடு சரி. கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பார், அவியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிப் பழங்கறி வைப்பார்களே, அதையும் அன்று ராத்திரியே அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். விறகு அடுப்பில் தணல் விடிய விடியக் கிடக்கும், பானை கைபொறுக்காத சூட்டிலேயே இருக்கும். கேஸ் அடுப்பை அணைத்தால் அந்தத் தணல் உனக்கு எங்கே கிடைக்கும்? இதை அத்தையிடம் இப்படியே சொல்லிப் பார், ஒத்துக்கொள்வார்கள்.

மத்தியானம் அவர்கள் சாப்பிட ஒரு வழி சொல்கிறேன். நல்ல ஹாட்பாக்ஸ் ஒன்றைக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, குழம்பைக் கொதிக்கக் கொதிக்க அதில் ஊற்றி மூடிவிடு. பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் ஆவி வர வேண்டும். வெறும் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த ஹாட்பாக்ஸ் இதற்கு ஆகாது.

இனி சொதி. அதுதான் உன் முக்கியமான கேள்வி. இருபத்தைந்து பேருக்கும் ஒரே பாத்திரத்தில் முதல் பாலை ஊற்றி இறக்காதே. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாவற்றையும் இரண்டாம் பால் மூன்றாம் பாலில் வேக வைத்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டுத் தயார் பண்ணிக்கொள். முதல் பாலைப் பிழிந்த உடனே டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடு. முதல் பந்திக்கு வேண்டிய அளவைச் சின்னச் சட்டியில் பிரித்து, அதில் மட்டும் முதல் பால் ஊற்றி ஒரு நுரை கட்டியதும் இறக்கி எலுமிச்சம்பழம் பிழி. மீதி சிறு தீயில் ஆவி வந்தபடி இருக்கட்டும். அடுத்த பந்திக்கு மறுபடியும் பிரித்துக்கொள். கடைசியில் மிஞ்சுவது முதல் பால் சேராத சொதியாக இருக்கும். அதைத் தாம்பாளத்தில் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கொதிக்க விட்டு, கொஞ்சம் முதல் பால் ஊற்றி, புதுசாகவே சாப்பிடலாம். முதல் பாலும் எலுமிச்சையும் சேர்ந்த சொதியை மறுபடி கொதிக்க வைத்தால் திரிந்து தண்ணீர் வேறு பால் வேறாகப் போகும். அது மிஞ்சினால் அன்று ராத்திரி இடியாப்பத்துக்கு ஊற்றி முடித்துவிடு.

இஞ்சிப் பச்சடிக்குக் கவலை வேண்டாம். புளியும் வெல்லமும் எண்ணெயும் சேர்ந்து சுண்டியது, ஃபிரிட்ஜில் பல நாள் இருக்கும். அவியலைத்தான் கவனிக்க வேண்டும். தேங்காயும் தயிரும் சேர்ந்தது, பந்தியில் இலை இலையாகக் கரண்டி போய் வந்தது. அவியலைக் கொஞ்சம் குறைவாகவே வை என்பேன்.

பிள்ளைக்கு வாந்தி வந்ததைப் பற்றி எனக்குத் தெரிந்தது: பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போடும் முன் நாங்களும் ஆசிரியரும் ருசி பார்ப்போம். ஆனால் ருசியை மட்டும் நம்பிச் சோற்றை வைக்க மாட்டோம். ஆக்கிய சோறு அன்று மத்தியானமே தீர வேண்டும் என்று அளந்துதான் உலையில் அரிசி போடுவோம். ஏன் என்பதைப் படித்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

நுண்ணுயிரியல் வாத்தியார் எழுதியது:

ஆச்சி சொன்னதில் மாற்ற ஒன்றும் இல்லை. சோற்றுக்கு மட்டும் காரணம் சொல்கிறேன், சகோதரி.

அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். மண்ணிலிருந்து வருபவை. சோறு கொதிக்கும் சூட்டில் பாக்டீரியா சாகும், வித்து சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அந்த வித்து முளைத்துப் பெருகி செருலைடு என்ற நஞ்சை உண்டாக்கும். இந்த நஞ்சுக்கு வாடை இல்லை, தனி ருசியும் இல்லை. குக்கரில் வைத்தாலும் அழியாது. அதனால்தான் ராத்திரி நன்றாகச் சூடு பண்ணிய பிறகும் உங்கள் பையனுக்கு வாந்தி வந்திருக்கலாம். இந்த வகை வாந்தி சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வரும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நின்றுவிடும். நீங்கள் சொன்னது அதோடு ஒத்துப்போகிறது. மருத்துவரைப் பார்க்காமல் இதுதான் என்று நான் முடிவு சொல்லக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் வயதானவர்களுக்கும் வாந்தி நிற்காவிட்டால், தண்ணீர் கூடத் தங்காவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கணக்கு இதுதான். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பாக்டீரியா பெருகும். சமைத்த உணவு இந்த இடைவெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சுற்றுப்புறச் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நம் மாவட்டத்தில் மாசிக்குப் பிறகு பகல் முழுக்க அந்த 1 மணி நேரக் கணக்குதான். ஃபிரிட்ஜ் உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் திருகில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி இல்லை, குளிரின் அளவைக் கூட்டிக் குறைப்பவை. வெயில் காலத்தில் அதைக் கூட்டி வையுங்கள். சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத் தட்டில் ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கதவுத் தட்டுதான் அதிகம் சூடேறும் இடம். பாலை அங்கே வைக்காதீர்கள்.

சோற்றைச் சீக்கிரம் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஒரே ஒரு முறைதான் சூடு பண்ண வேண்டும். குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம் 3 நாள், மிஞ்சினால் 4 நாள். சூடு பண்ணும்போது ஓரத்தில் குமிழி வந்தால் போதாது, நடுவில் 74 டிகிரி எட்ட வேண்டும். கிண்டிக் கொதிக்க விட்டால் அந்தச் சூடு வந்துவிடும்.

கறிக்குழம்புக்கு வேறு ஒரு ஆள் இருக்கிறார், குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ். பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி வைத்து அப்படியே ஆற விட்டால், 45 டிகிரி அளவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது இரட்டிப்பாகும். கிடா வெட்டிய மறுநாள் ஊரே வயிற்றுப்போக்கில் படுப்பது பல நேரம் இதனால்தான். இதில் ஒரு நல்ல செய்தி, நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்தப் பாக்டீரியா செத்துவிடும். சோற்றுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அத்தை நம்புவது கறிக்கு ஓரளவு பொருந்தும், சோற்றுக்குப் பொருந்தாது.

பழைய சோற்றை யாராவது கேட்பீர்கள். சோறு ஆறியவுடனே, தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றினால் லாக்டிக் அமிலப் பாக்டீரியா முந்திக்கொள்ளும். புளிப்பு ஏறும், மற்றவை அடங்கும். சாயங்காலம் வரைக்கும் வெறும் சோறாகக் கிடந்ததில் ராத்திரி தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. அதற்குள் நஞ்சு உண்டாகியிருந்தால் தண்ணீர் ஊற்றுவதால் போகப்போவதில்லை.

உவரி கடற்கரை எழுதியது:

மீனைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் வந்தேன்.

பாளை, டவுன் பக்கம் எங்கள் மீன் பைக்கில் பெட்டி கட்டித்தான் வருகிறது. பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். மீன் எடைக்கு எடை ஐஸ் போட்டால்தான் நம்ம வெயிலுக்குத் தாங்கும். மேலே மட்டும் நாலு கட்டி தூவி வைத்திருந்தால் அடியில் கிடப்பது வெந்துகொண்டிருக்கும். செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். வயிற்றையும் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் வாங்காதீர்கள்.

சூரை, சாளை இரண்டிலும் கூடுதல் கவனம் வேண்டும். இந்த மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் ஊறும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை விண்விண் என்று தெறிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள், உண்மையில் மீன் ஐஸில் இல்லாமல் கிடந்ததுதான் காரணம். வாத்தியார் சோற்றுக்குச் சொன்னது போலத்தான், இதையும் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் போக்க முடியாது. எங்கள் வீட்டில் சூரை வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான்.

வாங்கியதை அன்று சமைக்கவில்லை என்றால் உடனே குடல் எடுத்துக் கழுவித் துடைத்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டையாகக் கட்டி வைத்தால் உறையவும் நேரமாகும், உருகவும் நேரமாகும். உருக்க வேண்டியதை முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கிண்ணத்துக்குள் வைத்து அடித்தட்டில் வையுங்கள். அந்தத் தண்ணீர் சமைத்த சாப்பாட்டில் சொட்டினால் எல்லாம் பாழ். அடுக்களை மேடையில் வைத்து உருக்காதீர்கள்.

நேற்று வைத்த மீன் குழம்புக்கு இருக்கிற ருசி எங்களுக்கும் தெரியும், ஆசை எங்களுக்கும் உண்டு. தேங்காய் இல்லாமல் புளியும் மிளகாயும் தூக்கலாக வைத்த குழம்பைச் சீக்கிரம் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் அதே ருசி மறுநாள் கிடைக்கும். புளி மீன் துண்டுக்குள் இறங்க நேரம்தான் வேண்டும், அடுப்பு மேடையில் கிடக்க வேண்டும் என்று அவசியம் இல்லை.

கருவாடு மழைக்காலத்தில் ஈரம் வாங்கும். ஐப்பசி பிறக்கும் முன் நல்ல வெயிலில் ஒரு தரம் காய வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மேலே சிவப்புப் பூத்திருந்தால் கழுவிச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் தூக்கிப் போடச் சொல்வேன்.

பாளை மருமகள் எழுதியது:

ஆச்சி, உங்கள் பதிலை அத்தைக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். தணல் கதையைக் கேட்டதும் "ஆமா, அந்த அடுப்பு வேற" என்றார்கள். ஹாட்பாக்ஸுக்குச் சரி என்று சொல்லிவிட்டார்கள். வாத்தியார் சார், உவரி அண்ணாச்சி, இருவருக்கும் நன்றி. சோறு விஷயம் இப்போதுதான் விளங்குகிறது. இனி ராத்திரிக்குத் தனியாகக் கொஞ்சம் அரிசி போடப்போகிறேன், குக்கரில் எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. தோசை மாவு காலையில் அரைத்தால் மத்தியானத்துக்குள் பொங்கி வழிந்து, மறுநாள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அப்புறம், விருந்துக்காகப் பல்லாரி, உருளைக்கிழங்கு, தேங்காய், வாழைத்தார் எல்லாம் முன்கூட்டியே வாங்கிப் போடுகிறோம். எதை எங்கே வைப்பது? நடுவில் கரண்ட் போனால் ஃபிரிட்ஜில் உள்ளதை என்ன செய்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.

அம்பை ஆச்சி எழுதியது:

மாவை வெயில் காலத்தில் சாயங்காலம் அரை. உளுந்து ஊற வைத்த தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரையே விட்டு ஆட்டு. கிரைண்டர் சூட்டில்தான் மாவு பாதி புளிக்கிறது. கையால் கலக்காமல் கரண்டியால் கலக்கு. மாவு பொங்கத் தொடங்கி மேலே குமிழி தெரிந்ததும், முழுசாக எழும்பக் காத்திராமல், ஃபிரிட்ஜில் வைத்துவிடு. உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் எழும்பும், அதனால் பாத்திரத்தில் பாதி காலியாக விடு. இரண்டு மூன்று டப்பாவாகப் பிரித்து வைத்தால் ஒன்றைத் திறக்கும்போது மற்றது தொந்தரவில்லாமல் இருக்கும். வெளியே எடுத்து வைத்து மிஞ்சிய மாவை மறுபடி நல்ல மாவில் கொட்டாதே. ஊத்தப்பம் ஊற்றித் தீர்த்துவிடு.

பல்லாரியையும் உருளைக்கிழங்கையும் ஒரே சாக்கில் போட்டுவிடாதே, இரண்டும் சேர்ந்து கிடந்தால் கிழங்கு சீக்கிரம் முளைக்கும், பல்லாரியும் ஈரம் வாங்கி அழுகும். பல்லாரியைக் காற்றாடும் இடத்தில் கூடையில் பரப்பு. சின்ன உள்ளிக்குச் சுளவு போதும். கிழங்கை இருட்டில் வை. எங்கள் வீட்டில் அரங்குக்குள் ஒரு மூலையில் சாக்கு விரித்துப் போடுவோம். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறிய கிழங்கை ஆழமாகச் சீவி எடு, நிறையப் பச்சை என்றால் வேண்டவே வேண்டாம். கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் இனிப்பு ஏறி, வறுக்கும்போது கறுத்துப்போகும். காரக்கறிக்கு அது ஆகாது.

வாழைத்தாரைக் களக்காட்டுப் பக்கமிருந்து வாங்குவதாக இருந்தால் பழுக்காத காயாக வாங்கித் தார்சாவில் தொங்க விடு. தரையில் கிடத்தினால் அடிச்சீப்பு நசுங்கும். பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துவிடும். மற்ற காய்கறிக்குப் பக்கத்தில் பழுக்கிற தாரை வைக்காதே, அந்த ஆவி பட்டுக் கீரையும் கத்தரிக்காயும் வாடும்.

தேங்காயை உடைக்காமல் குடுமியோடு வை, குடுமியைப் பிய்த்துவிட்டால் கண் வழியாகக் கெட ஆரம்பிக்கும். உடைத்து மிஞ்சியதை அன்றே துருவி ஃப்ரீசரில் ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக வை. சொதிக்கு மட்டும் அன்று உடைத்த தேங்காய்தான் வேண்டும், ஃப்ரீசர் துருவலில் பால் சரியாக இறங்காது.

கறிவேப்பிலையைக் கழுவி வைக்காதே. காம்பிலிருந்து உருவி, பருத்தித் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு வை. சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். அல்வா யாராவது டவுனிலிருந்து வாங்கி வருவார்கள். அதை ஃபிரிட்ஜில் ஏற்றினால் நெய் உறைந்து கல்லாகிவிடும், வெளியே மூடி வைத்து ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். பருப்பு, உளுந்து எல்லாம் பழையபடி வெயிலில் காய வைத்து, ஆறிய பிறகு டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு போட்டு மூடினால் உள்ளே வேர்க்கும், அப்புறம் வண்டு வரத்தான் செய்யும்.

கரண்டைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. ஆற்றங்கரைக்காரர்கள் யாராவது சொல்லட்டும்.

ஸ்ரீவைகுண்டத்துக்காரர் எழுதியது:

ஆச்சி கூப்பிட்டதால் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டது. எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. அப்போது எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜைத் திறக்க யாரையும் விடவில்லை.

சாதாரணமாகக் கரண்ட் போனால் கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். ஃப்ரீசர் நிறையப் பொருள் இருந்தால் 48 மணி நேரம், பாதிதான் இருந்தால் 24 மணி நேரம். என்ன ஆச்சோ என்று நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. விருந்துக்கு முந்தின நாளே ஃப்ரீசரில் காலி இடத்தையெல்லாம் தண்ணீர் பாட்டிலால் நிரப்பி உறைய விடுங்கள். பாட்டிலில் கழுத்து வரைக்கும் ஊற்றாதீர்கள், உறைந்தால் விரியும். கரண்ட் போனதும் அதில் இரண்டை எடுத்துக் கீழ்த் தட்டில் பால், முதல் பால் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.

4 மணி நேரத்தைத் தாண்டினால் சமைத்த குழம்பு, கூட்டு, கறி, மீன், பால், தேங்காய்ப்பால் இவற்றை நம்பாதீர்கள். ஊறுகாய், புளிக்காய்ச்சல், இஞ்சிப் பச்சடி, நெய், முழுக் காய்கறி எல்லாம் இருக்கும். ஃப்ரீசரில் உள்ளதில் இன்னும் ஐஸ் துகள் தெரிந்தால் மறுபடி உறைய விடலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாகிவிட்ட மீனையும் கறியையும் விட்டுவிடுங்கள்.

வெள்ளத் தண்ணீர் பட்ட எதையும், மாவுப் பாக்கெட்டாக இருந்தாலும், திருகு மூடி போட்ட ஊறுகாய்ப் பாட்டிலாக இருந்தாலும், நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. சாக்கடையும் சேர்ந்து வந்த தண்ணீர், மூடி இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கும். முழுக்க மூடிய தகர டின்னை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, ப்ளீச்சிங் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து வைத்தோம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் கரண்ட் அதிக நேரம் போகவில்லை என்று அர்த்தம். காசு அடியில் போய் உறைந்து கிடந்தால் உள்ளே எல்லாம் ஒரு தரம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. பார்க்க நன்றாக இருந்தாலும் அந்த மீனையும் கறியையும் சமைக்காதீர்கள்.